விலை குறைந்தால் வீரியம் குறையுமா?

தாராவியிலும் சயானிலும் செம்பூரிலும் மாலை வேளையில் மருந்துக் கடைகளின் முன்னே அடிக்கடி ஒரு காட்சியைக் காணலாம். வேலை முடிந்து திரும்பும் தொழிலாளி ஒருவர் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டுகிறார். ஒரு மாத மாத்திரைக்குக் கடைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டுத் தயங்குகிறார். பிறகு, "பதினைந்து நாளைக்கு மட்டும் கொடுங்கள்" என்கிறார். பக்கத்துத் தெருவில் மத்திய அரசின் மக்கள் மருந்தகம் இருக்கிறது. அதே மருந்து அங்கே பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் என்று உடன் வேலை செய்பவர் சொல்லியும் இருக்கிறார். ஆனாலும் அவர் அங்கே போவதில்லை. 'இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற மருந்து வேலை செய்யுமா?' என்ற சந்தேகம் காலைப் பிடித்து இழுக்கிறது. மீதிப் பதினைந்து நாட்கள் மாத்திரை இல்லாமலே கழிகின்றன.

இந்தச் சந்தேகத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை பெரிது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வலிப்புக்கும் உரிய மருந்துகளை நினைத்தபோது நிறுத்தி நினைத்தபோது தொடங்க முடியாது. பாதி மாதம் மட்டும் மருந்து சாப்பிடுகிறவர் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் கதவைத் திறந்து வைக்கிறார். சம்பாதிப்பவர் படுத்து விட்டால், மும்பையில் ஓர் அறை வாடகையும் ஊரில் ஒரு குடும்பத்தின் அடுப்பும் ஒரே நாளில் நின்று போகும். ஆகவே, மலிவு மருந்து வேலை செய்யுமா என்ற கேள்வியைப் பாமர மக்களின் அறியாமை என்று ஒதுக்கி விடுவது நியாயமாகாது. அது பதில் பெறத் தகுந்த கேள்வி. அந்தப் பதிலை விளம்பரத்தால் கொடுக்க முடியாது; சான்றோடு கொடுக்க வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வது நல்லது. எந்த மருந்துக்கும் உலகம் முழுவதும் வழங்கும் பொதுப் பெயர் ஒன்று உண்டு. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், சர்க்கரைக்கு மெட்பார்மின் என்பவை அத்தகைய பெயர்கள். அதற்கு மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் சரக்குக்கு ஒரு வியாபாரப் பெயரைச் சூட்டிக் கொள்கிறது. அதுதான் பிராண்டு. புதிய மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனிக்குச் சில ஆண்டுகள் காப்புரிமை இருக்கும். அது முடிந்த பின், அதே மருந்தைப் பிறரும் தயாரிக்கலாம். அப்படித் தயாரிக்கப்படுவதே ஜெனரிக் மருந்து.

இந்தியாவின் கதை சற்று வேறுபட்டது. 1970இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரலில் அமலுக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உரிமை வழங்கியது. மருந்துக்கே உரிமை வழங்கவில்லை. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய வழி பிறந்தது. உள்நாட்டுத் தொழில் வளர்ந்தது, விலை இறங்கியது. ஓர் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவான எய்ட்ஸ் நோய்க் கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முடியும் என்று 2001இல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சிப்லா கம்பெனி அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2005 முதல் சட்டம் மாறி, மருந்துக்கே காப்புரிமை தரப்படுகிறது. எனினும் பழைய மருந்துகளின் நிலை மாறவில்லை.

இதிலிருந்து புலப்படும் உண்மையைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியக் கடைகளில் பிராண்டுப் பெயரோடு விற்கும் மாத்திரைகளில் மிகப் பெரும்பாலானவை, கண்டுபிடித்த கம்பெனி செய்தவை அல்ல. அவையும் ஜெனரிக் மருந்துகளே. பெயர் சூட்டப்பட்டவை, அவ்வளவுதான். ஆகவே 'அசலா, நகலா?' என்ற கேள்வி இங்கே பொருந்தாது. பெயர் உள்ள நகலுக்கும் பெயர் இல்லாத நகலுக்கும் இடையேதான் போட்டி நடக்கிறது. சோதனை கேட்பதானால் இரண்டையும் கேட்க வேண்டும்.

விலை வித்தியாசம் எங்கே போகிறது என்பதை 2011இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு எடுத்துக் காட்டியது. ஒரே கம்பெனி பிராண்டாகவும் ஜெனரிக்காகவும் விற்ற ஐந்து மருந்துகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். தரத்தில் இரண்டும் தேறின. ஆனால் பிராண்டில் கடைக்காரருக்குக் கிடைத்த லாபம் 25 முதல் 30 சதவீதம். ஜெனரிக்கில் 200 சதவீதத்துக்கும் மேல், ஒன்றில் 1,000 சதவீதத்தையும் தாண்டியது. அட்டையில் அதிக விலையை அச்சிட்டு, கடைக்காரருக்குக் குறைந்த விலையில் கொடுத்திருந்தார்கள். மருந்து மலிவாகத்தான் இருந்தது. மலிவு நோயாளியின் கைக்கு வந்து சேரவில்லை.

இனி, இரண்டு மருந்துகள் சமம் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். இதில் மூன்று படிகள் உண்டு.

முதற்படி, மாத்திரையில் சொன்ன அளவு மருந்து இருக்கிறதா என்பது. 500 மில்லிகிராம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், மருந்து நூல் விதித்த வரம்புக்குள் அந்த அளவு உள்ளே இருக்க வேண்டும். வேண்டாத கலப்பு இருக்கக் கூடாது. 1955இல் முதற்பதிப்பு வெளிவந்த இந்திய மருந்து நூலே இதற்குச் சட்டபூர்வமான அளவுகோல்.

இரண்டாம் படி, மாத்திரை கரைகிறதா என்பது. உடல் வெப்பமான 37 டிகிரியில் வைத்த திரவத்தில் மாத்திரையைப் போட்டுக் கலக்குகிறார்கள். குறித்த நேரத்துக்குள் எவ்வளவு கரைந்தது என்று அளக்கிறார்கள். கரையாத மாத்திரை வயிற்றுக்குள் கல்லைப் போலப் போய் வெளியேறி விடும். உள்ளே எவ்வளவு மருந்து இருந்தாலும் பயனில்லை.

மூன்றாம் படிதான் முக்கியமானது. மருந்து இரத்தத்தில் சேர்கிறதா என்ற சோதனை அது. பயோ-ஈக்விவலன்ஸ் என்று டாக்டர்கள் கூறுவது இதையே. வழக்கமாக இருபது, முப்பது ஆரோக்கியமான தொண்டர்களைச் சேர்க்கிறார்கள். பாதிப் பேருக்கு முதலில் மூல மருந்து, மீதிப் பேருக்குப் புதிய மருந்து. சில நாட்கள் இடைவெளி விட்டு, உடலில் பழைய மருந்து அடியோடு நீங்கிய பிறகு, மாற்றிக் கொடுக்கிறார்கள். இதனால் ஒவ்வொருவரின் உடலும் தனக்குத் தானே தராசாகிறது. மாத்திரை கொடுத்த நேரத்திலிருந்து குறித்த இடைவெளிகளில் சிறிது சிறிதாக இரத்தம் எடுத்து இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள். இரத்தத்தில் மருந்து எட்டிய உச்ச அளவு என்ன என்பது ஒன்று. மொத்தமாக எவ்வளவு சேர்ந்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் புதிய மருந்து மூல மருந்துக்கு ஒத்திருந்தால்தான் சமம் என்று ஏற்பார்கள்.

ஒத்திருப்பது என்றால் எந்த அளவுக்கு? உலகின் பெரும்பாலான கட்டுப்பாட்டு அமைப்புகள் ஏற்றிருக்கும் வரம்பு 80 முதல் 125 சதவீதம். இதைக் கேட்டதும், 'அப்படியானால் இருபது சதவீதம் மருந்தைக் குறைத்து ஏமாற்றலாமே' என்று பலர் முடிவு கட்டி விடுகிறார்கள். அது தவறான எண்ணம். இது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவைப் பற்றிய வரம்பே அல்ல. சில பேரிடம் சோதித்துப் பலருக்கும் பொருந்தும் முடிவைச் சொல்லும்போது, கணக்கில் பிழைக்கு இடம் விட வேண்டியிருக்கிறது. அந்தப் பிழையையும் சேர்த்து வரும் கீழ் எல்லை 80க்குக் கீழே இறங்கக் கூடாது; மேல் எல்லை 125க்கு மேலே ஏறக் கூடாது. சராசரியே 80 ஆக இருக்கும் மருந்து இந்தச் சோதனையில் தேறவே முடியாது. 80 எங்கே, 125 எங்கே என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு: நூறில் எண்பது ஐந்தில் நான்கு பங்கு, எண்பதுக்கு நூறு ஒன்றேகால் மடங்கு. எந்த மருந்தை எதனோடு ஒப்பிட்டாலும் தராசு ஒரே மாதிரி நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்த எண்கள்.

நடைமுறை அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 12 ஆண்டுகளில் தான் பரிசீலித்த 2,070 சோதனைகளைத் தொகுத்து 2009இல் முடிவை வெளியிட்டது. இரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவில் மூல மருந்துக்கும் ஜெனரிக்குக்கும் இடையே இருந்த சராசரி வித்தியாசம் சுமார் மூன்றரை சதவீதம். உச்ச அளவில் சுமார் நாலே கால் சதவீதம்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்றால், அனுபவம் கற்றுத் தந்த பாடம் அது. 1968இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், வலிப்புக்குப் பெனிடாயின் சாப்பிட்டு வந்த பலர் திடீரென்று தள்ளாடினார்கள்; மருந்தின் நச்சு அறிகுறிகள் தோன்றின. மருந்தின் அளவை யாரும் கூட்டவில்லை. மாத்திரையை நிரப்பச் சேர்க்கும் பொருளைத்தான் கம்பெனி மாற்றியிருந்தது. கால்சியம் சல்பேட் இருந்த இடத்தில் பால் சர்க்கரையான லாக்டோஸ் வந்தது; மருந்து முன்னைவிட அதிகமாக இரத்தத்தில் கலந்தது. அது ஜெனரிக் மருந்தல்ல, பெயர் பெற்ற மருந்து என்பது கவனிக்கத் தக்கது. 1971இல் அமெரிக்காவில், இதய நோய்க்கான டிகாக்சின் மாத்திரைகளை ஒப்பிட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு மருந்துதான். ஆனால் இரத்தத்தில் சேர்ந்த அளவில் ஏழு மடங்கு வரை வித்தியாசம். மாத்திரைக்குள் இருப்பது ஒன்று, உடலுக்குள் சேர்வது வேறொன்று என்பது அப்போது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாயிற்று. 1984இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நடந்த பழைய சோதனைகளை மறுபடி செய்ய வேண்டாம், இரத்தத்தில் சமம் என்று நிரூபித்தால் போதும் என்று ஜெனரிக் கம்பெனிகளுக்கு வழி திறந்தது.

இவ்வளவு தெளிவான அளவுகோல் இருக்க, இந்தியாவில் என்ன நடந்தது? புதிய மருந்து ஒன்று அனுமதி பெற்ற முதல் நான்கு ஆண்டுகளுக்குள் அதைத் தயாரிக்க விரும்பும் கம்பெனி மத்திய அதிகாரியிடம் போக வேண்டும். இரத்தச் சோதனை முடிவைக் காட்ட வேண்டும். நான்கு ஆண்டு கடந்து விட்டால், மாநில அதிகாரியிடமே லைசென்ஸ் பெற்று விடலாம்; இரத்தச் சோதனை கேட்கப்பட்டதில்லை. பொறுமையாகக் காத்திருந்தவனுக்குப் பரீட்சையே இல்லை என்பது எந்தப் பள்ளிக்கூடத்து நியாயம்? 2017 ஏப்ரலில்தான் மத்திய அரசு விதியைத் திருத்தியது. எளிதில் கரையாத வகையைச் சேர்ந்த மருந்துகளுக்கு, நான்கு ஆண்டு கடந்திருந்தாலும், லைசென்ஸ் கேட்கும்போது இரத்தச் சோதனை முடிவைத் தர வேண்டும் என்று ஆயிற்று. இது வரவேற்கத்தக்க திருத்தம். ஆனால் அது புதிதாக லைசென்ஸ் கேட்பவர்களை நோக்கிய விதி. அதற்கு முன் மாநிலங்களில் லைசென்ஸ் பெற்று, இன்றும் கடைகளில் விற்கும் பழைய மாத்திரைகளின் கதி என்ன? பெயர் பெற்றவை, பெயர் இல்லாதவை என்ற பேதமின்றி இந்தக் கேள்வி நிற்கிறது.

சமமா என்ற கேள்விக்கு முன்பே தரமா என்ற கேள்வி வருகிறது. 2014 முதல் 2016 வரை மத்திய அரசு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில் சுமார் 47,000 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. போலி மருந்து மிக அரிது. பத்தாயிரத்தில் இரண்டு மூன்று. ஆனால் தரம் குறைந்தவை 3.16 சதவீதம். அரசு வழியாக வழங்கப்பட்ட மருந்துகளில் மட்டும் அது சுமார் 10 சதவீதம். கடையில் காசு கொடுத்து வாங்க முடியாத ஏழைதான் அரசு மருந்துக்கு வரிசையில் நிற்கிறான். அவனுக்கே அதிகமாகத் தரம் குறைந்த மருந்து கிடைத்தது என்பது வெட்கித் தலைகுனிய வேண்டிய செய்தி.

அதே சமயம், பெயர் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலி கொண்ட இருமல் சிரப் பிராண்டுப் பெயரோடு, டாக்டர் சீட்டோடு விற்கப்பட்டதுதான். அதைச் செய்த ஆலை தமிழ்நாட்டில் இருந்தது. சோதனை முடிவுகளையே திரித்து எழுதிய குற்றத்தை ஒப்புக்கொண்டு, நாட்டின் பெரிய கம்பெனிகளில் ஒன்று 2013இல் அமெரிக்காவில் 50 கோடி டாலர் செலுத்தியது. பெரிய பெயரும் சாட்சியல்ல. பெரிய விலையும் சாட்சியல்ல. நேர்மையான சோதனை ஒன்றே சாட்சி.

செய்ய முடியாத காரியமா என்றால், இல்லை. தமிழ்நாடு அரசு 1994இல் அமைத்த மருத்துவ சேவைக் கழகம், மருந்துகளைப் பொதுப் பெயரிலேயே மொத்தமாக வாங்குகிறது; ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி, தேறிய பின்பே ஆஸ்பத்திரிகளுக்கு விநியோகம் செய்கிறது. இந்த ஏற்பாட்டைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. மக்கள் மருந்தகங்களுக்கு வரும் மருந்துகளையும் அங்கீகாரம் பெற்ற கூடங்களில் தொகுதிவாரியாகச் சோதிப்பதாக மத்திய அரசு கூறுகிறது. 2008இல் அமிர்தசரசில் ஒரே கடையாகத் தொடங்கிய திட்டம் 15,000 கடைகளைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. ஆனால் இந்தத் தொகுதிச் சோதனை முதல் இரு படிகளைத்தான் பார்க்கும். மூன்றாம் படி லைசென்ஸ் கொடுக்கும்போதே பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

டாக்டர்கள் பொதுப் பெயரில் எழுத வேண்டும் என்ற யோசனையும் புதிதல்ல. ஹாத்தி கமிட்டி 1975இலேயே பிராண்டுப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கச் சிபாரிசு செய்தது. 2002இல் மருத்துவக் கவுன்சில் இயன்றவரை பொதுப் பெயரில் எழுதும்படி டாக்டர்களுக்கு விதி வகுத்தது. 2016இல் தெளிவான எழுத்தில் எழுத வேண்டும் என்று திருத்தியது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதைக் கண்டிப்பாக்கியது. எதிர்ப்பு கிளம்பவே, அதே மாதத்தில் அந்த விதிமுறையை நிறுத்தி வைத்தது. டாக்டர்களின் வாதத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லா மருந்தும் சோதனையில் தேறியது என்ற உறுதி இல்லாமல் பொதுப் பெயரில் எழுதினால், எந்தக் கம்பெனியின் மருந்து என்பதை டாக்டருக்குப் பதிலாகக் கடைக்காரர் தீர்மானிப்பார். அவர் தமக்கு லாபம் அதிகமுள்ளதைத்தான் எடுத்துத் தருவார் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த உறுதியைக் கேட்டுப் போராட வேண்டியவர்களும் அவர்களே அல்லவா? மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வைத்து விட்டுப் போகும் பெயரை எழுதுவது அதற்கு மாற்றாகாது.

வெளி மாநிலத்தில் பிழைக்கும் தமிழருக்குப் பொதுப் பெயரால் மற்றொரு பயனும் உண்டு. மும்பை டாக்டர் எழுதிய பிராண்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அங்கே கிடைக்காமல் போகலாம். மொழி தெரியாத கடையில் பெயரைச் சொல்லி விளக்கவும் முடியாது. பொதுப் பெயர் எந்த ஊரிலும் ஒன்றே. அதை வியாபாரப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அட்டையில் அச்சிட வேண்டும் என்று 2018இல் விதி வந்திருக்கிறது. அதைத் தெரிந்து வைத்துக் கொள்வதும், 'இதைப் பொதுப் பெயரில் எழுதித் தாருங்கள்' என்று டாக்டரிடம் கேட்பதும் நோயாளியின் உரிமை. சீட்டு இருந்தால் மட்டுமே விற்கத்தக்க மருந்துகளில், எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கடைக்காரருக்குச் சட்டத்தில் அனுமதி இல்லை. ஆகவே மாற்றம் டாக்டரின் பேனாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின், மனநோய்க்கான லித்தியம், தைராய்டு மருந்து, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களின் மருந்து போன்றவற்றில் சிறு அளவு மாறினாலும் தொல்லை உண்டாகலாம். இவற்றை மாதம் ஒரு கம்பெனி என்று மாற்றிக் கொண்டிருக்கக் கூடாது. மலிவானதற்கு மாறலாம், ஆனால் டாக்டரிடம் சொல்லி மாற வேண்டும், மாறிய பின் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். எந்த மருந்திலாவது கோளாறு தோன்றினால் 1800-180-3024 என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசியில் தெரிவிக்கலாம். அமெரிக்காவில் மனச்சோர்வுக்கான ஒரு ஜெனரிக் மாத்திரையைப் பற்றி நோயாளிகள் விடாமல் முறையிட்டதன் பேரில் மறுபடி சோதித்து, அது சமமல்ல என்று கண்டு, 2012இல் விற்பனையிலிருந்து விலக்கினார்கள். முறையீடு வீண் போகவில்லை.

சர்க்கார் செய்ய வேண்டியவை மூன்று. 2017க்கு முன் லைசென்ஸ் பெற்ற, எளிதில் கரையாத மருந்துகள் அனைத்தையும் ஒரு காலக்கெடு வைத்து இரத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். தேறியவற்றின் பட்டியலை, அமெரிக்கா 1980 முதல் வெளியிட்டு வருவதைப் போல, யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். 2023 ஆகஸ்டு முதல் 300 பிராண்டுகளின் அட்டைகளில் கியூ.ஆர். குறி கட்டாயமாகியிருக்கிறது, அதைப் பெயர் இல்லாத மலிவு மருந்துகளுக்கும் விரித்து, கைப்பேசியைக் காட்டினால் சோதனை முடிவு தெரியும்படி செய்ய வேண்டும். இதற்கெல்லாம் பணம் செலவாகும் என்பார்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரும் செலவைவிட அது அதிகமாயிராது.

ஜெனரிக் மருந்தை நம்புங்கள் என்று சுவரொட்டி ஒட்டினால் போதாது. நம்பிக்கை கேட்டு வருவதல்ல, கண்டு வருவது. ஒரு மாத மாத்திரையைக் கேட்க வந்து பதினைந்து நாளோடு திரும்பும் அந்தத் தொழிலாளியின் கையில், 'இது சோதித்துத் தேறியது' என்ற சான்றையும் சேர்த்துக் கொடுத்தால், பக்கத்துத் தெருவுக்கு அவர் தாமே நடந்து போவார்.